இணையிழந்த சிற்றுயிரும் எங்கள் தேடலும்

பிரிவின் கொடுமையைச் சொல்ல வந்த சங்கச் சான்றோர் பலகால் பறவைகளையும் விலங்குகளையும் சான்றுக்கு அழைத்தனர். அன்றிலும் மகன்றிலும் இணை பிரிந்தால் உயிர் தரியாதவை எனப் போற்றப்பெற்றன. குறுந்தொகையின் 69ஆம் பாடலில் கடுந்தோட் கரவீரனார் ஒரு மந்தியைக் காட்டுகிறார். தன் கடுவன் இறந்துபட்டதும், தொழில் அறியாத குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மந்தி மலைச்சரிவில் பாய்ந்து உயிரை விட்டுவிடுகிறது. இப்பாடலை வகுப்பில் நடத்தும்போது கடைசி இருக்கை மாணவரும் பேச்சை நிறுத்திக் கேட்பதைத் தமிழாசிரியர் பலர் அறிவர்.

எங்கள் வீட்டுக்கு வந்த வழக்கு இதனின் வேறானது. இங்கே இணைகளுள் ஒன்று இறந்தது. மற்றொன்று உயிரை விடவில்லை. அது கூண்டின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தது. அதனை உண்ண வைப்பது எப்படி, அதற்கு மீண்டும் ஒரு துணையைத் தேடித் தருவது முறைதானா, முறையெனில் எங்கே தேடுவது என்னும் வினாக்கள் பூந்தமல்லியில் உள்ள ஒரு சிறு வீட்டின் கூடத்தில் எழுந்தன. அதனையே இங்கு எழுத முற்படுகிறோம்.

எங்கள் பேத்தியின் விருப்பத்துக்காக இரண்டு கினி எலிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. இரண்டும் ஆண். மூத்ததற்குப் பாதாம் என்றும் இளையதற்குப் பிஸ்தா என்றும் அவளே பெயர் வைத்தாள். அவற்றின் சொந்தப் பெயர்தான் முதலில் தொல்லை தந்தது. பாடநூல்கள் இவ்விலங்கைக் கினிப்பன்றி என்கின்றன. எங்கள் தெருவில் இச்செய்தி பரவிய அன்று மாலையே அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்றபடி, “உள்ளே வரலாமா, இல்லை அது போன பிறகு வரவா?” என்று கேட்டார். எழுபத்தெட்டு வயது கடந்தவர். ஐவேளைத் தொழுகையையும் பள்ளிவாசலில் நிறைவேற்றுபவர். அவரை உள்ளே அழைத்து, கூண்டைக் காட்டி, பெயரின் வரலாற்றைச் சொன்னோம்.

அது பன்றி இனமன்று. கொறித்துண்ணும் எலி, அணில் இனத்தைச் சார்ந்தது. கினி நாட்டுக்கும் அதற்கும் உறவில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டு விலங்காகப் பழக்கிக்கொண்ட உயிர் இது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். குட்டைக் கழுத்தும் வாலற்ற பருத்த உடலும் கீச்சிடும் குரலும் கண்ட ஐரோப்பியர் இதனைப் பன்றிக்குட்டி என்றனர். பிரெஞ்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் ஒரு படி மேலே சென்று, இந்தியாவையே காணாத இவ்விலங்கை ‘இந்தியப் பன்றி’ ஆக்கிவிட்டனர்! அரபு மொழியும் ‘கின்ஸீர்’ என்னும் சொல்லைச் சேர்த்தே இதனை அழைக்கிறது. பெரியவர் இறுதிச் செய்தியைக் கேட்டுத்தான் சமாதானம் அடைந்தார். அரபியரே அப்படி அழைத்தும் அது பன்றியாகிவிடவில்லை என்றால் நமக்கென்ன என்பது அவர் வாதம். அன்று முதல் எங்கள் தெருவில் அதற்கு ‘சீமை எலி’ என்ற பெயர் நிலைத்தது.

மனிதகுலம் இந்த எலிக்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. இராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு காசநோய்க் கிருமியை மெய்ப்பித்தது இதன் உடலில் செய்த சோதனைகளால். 1907இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் இருவரும் ஸ்கர்வி நோய் உணவுக் குறையால் வருவது என்று கண்டதற்கும் இதுவே துணை செய்தது. மனிதரைப் போலவே கினி எலியின் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளுள் பல, பிரிட்டனில் எடுத்த கிருமிகளைவிடக் கினி எலிகளிடத்தில் வீரியம் குறைந்து காணப்பட்டன என்பது 1960 அளவில் வெளிவந்த புகழ்பெற்ற முடிவு. அம்முடிவுக்காக எத்தனை எலிகள் உயிர் நீத்தனவோ! சோதனைக்கு ஆளாகும் எவரையும் ‘கினிப்பன்றி’ என்று பேசப் பழகிவிட்ட நமக்கு, அது தன் இனத்தோடு கூடி வாழும் உயிர் என்பது நினைவுக்கு வருவதில்லை.

2025ஆம் ஆண்டு மே மாதம், அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்திய நாள்களில், பாதாம் இறந்தது. வயது ஐந்தைக் கடந்திருந்தது; இவ்வினத்தின் ஆயுளே ஐந்து முதல் ஏழாண்டுதான். மூப்போடு சிறுநீர்ப்பைக் கல்லும் சேர்ந்துகொண்டது. உடலை உடனே எடுத்துவிட வேண்டாம், மற்றதன் அருகில் சிறிது நேரம் கிடக்கட்டும், அது முகர்ந்து அறிந்துகொள்ளும் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். பிஸ்தா வந்து முகர்ந்தது. காதைக் கடித்து இழுத்துப் பார்த்தது. பிறகு விலகிச் சென்று அமர்ந்தது. கொய்யா மரத்தடியில் குழி தோண்டினோம். “நன்னா, இதுக்கு மையத்துத் தொழுகை உண்டா?” என்று பேத்தி கேட்டாள். இல்லை என்றோம். “அப்ப துஆ?” என்றாள். அதற்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் முதல் பிஸ்தாவின் போக்கு மாறியது. முன்பெல்லாம் குளிர்பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே இரண்டும் ‘வீக், வீக்’ என்று வீடதிரக் கூவும். இப்போது கதவு திறந்தாலும் ஓசையில்லை. இரவில் மட்டும் ஒருமுறை மெல்லக் கூவிவிட்டு, விடை வருமா என்று கேட்பதுபோல் தலையைத் தூக்கி நிற்கும். பாதாம் படுத்த சாக்கு விரிப்பின் மேல் இது படுத்துக்கொள்ளும். அருகம்புல்லை முகர்ந்து பார்த்து விட்டுவிடும்.

மனிதருக்குப் பட்டினி துக்கத்தின் அடையாளம்; கினி எலிக்கு அது உயிர்க்கண்டம். அதன் குடல் இடைவிடாது இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய அமைப்புடையது. ஒரு நாள் முழுதும் தீனி செல்லாவிடில் குடலியக்கம் நின்று, வாயு நிரம்பி, மீட்க இயலாத நிலை உண்டாகும். பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்பவை. மெல்லாவிட்டால் நீண்டு வாயைப் பூட்டிவிடும். 1903ஆம் ஆண்டு தொடங்கிய பெருமைக்குரிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரை எளியது: “எடை பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.” சமையலறைத் தராசில் காலைதோறும் நிறுத்தோம். 980 கிராம் இருந்தது ஐந்தாம் நாள் 905 ஆயிற்று. அரைத்த தீவனத்தை நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயின் பக்கமாகச் சிறிது சிறிதாக ஊட்டினோம். நெல்லிக்காய்த் துருவலும் கொய்யாத் துண்டும் சேர்த்தோம். இங்கு ஓர் எச்சரிக்கை: வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை இதன் வாயில் இடுவது நஞ்சிடுவதற்கு ஒப்பாகும், குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து விலங்கு மாண்டுபோகும்.

ஏழாம் நாளளவில் தானே புல் மெல்லத் தொடங்கியது. உயிர் தங்கிவிட்டது. ஆனால் இரவுக் கூவல் நின்றபாடில்லை.

சிற்றுயிரின் துயருக்கு இத்தனை பேச்சா என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறுவர். ‘நுஃகைர்’ என்னும் சிறு குருவியொன்றை வளர்த்து அதனோடு விளையாடுவார். அக்குருவி இறந்துபோயிற்று. வாடிய முகத்தோடிருந்த சிறுவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு, பெரியவர்களை அழைப்பதுபோல் பட்டப்பெயரால் அழைத்து, அக்குருவிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். புகாரி உள்ளிட்ட தொகுப்புகளில் வரும் இச்செய்தி மிகச் சிறியது. ஷாஃபிஈ மரபின் அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி நூலே இயற்றினார். எங்களுக்குப் பட்டது அறுபத்தொன்றாவதாக ஒன்று: அங்கே அச்சிறுவருக்கு உடனே வேறொரு குருவி பிடித்துத் தரப்பட்டதாகச் செய்தியில்லை. முதலில் கேட்கப்பட்டது இறந்ததைப் பற்றிய கேள்விதான்.

குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த பறவையைக் கண்டு, எடுத்தவர் திருப்பி வைக்குமாறு ஆணையிடப்பெற்ற செய்தி அபூதாவூதில் உண்டு. நம் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ என ஒரு படலமே அமைத்தார். வேடனிடம் அகப்பட்ட பிணைமான் குட்டிக்குப் பாலூட்டி வர விடைகேட்க, அண்ணலார் அதற்குத் தாமே பிணை நிற்கிறார்கள். விலங்கின் உறவுக்கும் வாக்குக்கும் ஒரு தகுதி உண்டென்று தமிழ்க் காப்பியமொன்று ஏற்றுக்கொண்ட இடம் அது. ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருமறையின் ஆறாம் அத்தியாயத்தில் ஓதியவர்க்கு இது புதிதன்று.

துணை தேடுவது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. கூண்டில் கண்ணாடி வையுங்கள் என்றார் ஒருவர். பஞ்சுப் பொம்மை வாங்கித் தாருங்கள் என்றார் இன்னொருவர். மடியில் வைத்துக் கொஞ்சினால் போதாதா என்பது பலர் கருத்து. முயல் ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்பது எல்லாரும் சொன்னது. எல்லாவற்றினும் பிழையானதும் அதுதான். முயலின் பின்னங்கால் உதை கினி எலியின் எலும்பை முறிக்கும். முயலின் மூக்கில் நோய்க்குறியின்றித் தங்கும் ஒருவகை நுண்கிருமி கினி எலிக்கு நுரையீரல் அழற்சியைத் தரும். இருவர் மொழியும் வேறு. உணவுத் தேவையும் வேறு. ஒரே வீட்டில் இருவர் இருந்தால் மட்டும் துணையாகிவிடாது.

தன் இனத்து உயிர்தான் துணை என்பதைச் சுவிட்சர்லாந்து சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2008 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விலங்குப் பாதுகாப்பு ஆணையின்படி கினி எலி போன்ற கூடிவாழும் விலங்குகளை ஒற்றையாய் வைத்திருத்தல் ஆகாது. இதனால் ஒரு விந்தையான சிக்கல் எழுந்தது. இரண்டில் ஒன்று இறந்தால் மற்றொன்று வாங்க வேண்டும். வாங்கியதில் மூத்தது இறந்தால் இளையதற்கு மீண்டும் ஒன்று வேண்டும். இச்சங்கிலிக்கு முடிவே இல்லை. எனவே முதிய விலங்கின் எஞ்சிய நாள்களுக்கு மட்டும் ஒரு துணையை வாடகைக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே தோன்றியது. கேட்டதும் நகைப்பு வரலாம். எண்ணிப் பார்த்தால், எஞ்சி நிற்பது யார் பொறுப்பு என்ற வினாவை அந்நாட்டார் கணக்கில் எடுத்துக்கொண்டனர் என்பது விளங்கும். ஆயினும் வாடகைத் துணை எங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை. வீடு வீடாய்ப் போய் வரும் அந்த வாடகை எலியின் தனிமைக்கு யார் துணை?

பெரிய உயிர்களின் கதையும் இதுதான். இலங்கையிலிருந்து 1985இல் பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாகச் சென்ற யானைக்கன்று காவன். இஸ்லாமாபாத் விலங்குக்காட்சிச் சாலையில் அதற்குத் துணையாக வங்கதேசத்திலிருந்து சகேலி என்னும் பெண்யானை வந்தது. ‘சகேலி’ என்றால் தோழி. 2012இல் தோழி இறந்தாள். அதன்பின் எட்டாண்டுகள் காவன் தனித்து நின்றது. தலையை இடமும் வலமும் ஆட்டியபடியே நாள் முழுதும் கழித்தது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றம் அதனை விடுவிக்க ஆணையிட்டது. திருமறையையும் நபிமொழிகளையும் எடுத்துக்காட்டி, விலங்குக்கும் அதன் இயல்புக்கேற்ப வாழும் உரிமை உண்டென்று எழுதப்பெற்ற அத்தீர்ப்பு நம் சமுதாயத்தார் படிக்க வேண்டிய ஒன்று. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் விமானத்தில் கம்போடியா சென்ற காவன், வேலிக்கு அப்பால் நின்ற வேறொரு யானையின் துதிக்கையைத் தன் துதிக்கையால் தொட்ட படம் உலகெங்கும் வெளிவந்தது. தில்லி விலங்குக்காட்சிச் சாலையின் சங்கருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1998இல் ஜிம்பாப்வேயிலிருந்து முன்னாள் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவுக்கு அன்பளிப்பாக வந்த ஆப்பிரிக்க யானை அது. உடன் வந்த இணை சில ஆண்டுகளிலேயே இறந்தது. புதிய துணை தேடும் முயற்சிகள் கைகூடாமலேயே, 2025 செப்டம்பரில் சங்கரும் மறைந்தது. யானைக்குத் துணை தேட அரசுகள் வேண்டும். எலிக்குத் துணை தேட எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையும் இரண்டு பேருந்துப் பயணமும் போதுமாயிருந்தன.

எவ்வளவு காலம் கழித்துத் தேடலாம் என்ற கேள்வியை அண்டை வீட்டுப் பெரியவரே எழுப்பினார். அவருக்கு நகைச்சுவை மிகுதி. “எலிக்கு இத்தா காலம் உண்டா என்ன? இது ஆம்பளையாச்சே, நாளைக்கே பாக்கலாம்!” என்றார். பிறகு சற்றுக் குரல் தாழ்த்தி, “பதினோரு வருசமா எனக்குப் பாக்காத ஜோடிய எலிக்குப் பாக்குறீங்களாக்கும்!” என்று சொல்லிச் சிரித்தார். அவர் துணைவியார் மறைந்து பதினோராண்டு ஆகிவிட்டது என்பது அப்போதுதான் எங்களுக்குக் கணக்கில் வந்தது. பிள்ளைகள் இருவரும் வளைகுடா நாட்டில். நாங்களும் சிரித்தோம்; வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

தேடலில் முதல் கேள்வி, ஆணா பெண்ணா என்பது. பெண்ணைச் சேர்த்தால் அறுபது எழுபது நாளில் குட்டிகள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் கருக்கொள்ள வல்லது. ஏழெட்டு மாதம் வரை ஈனாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடும்; பிறகு முதற்பேறு உயிருக்கே ஆபத்து. துணை தேடப் போய் ஓர் உயிரை அவ்வாறு இடுக்கணில் தள்ளுவது தகாது. ஆணுக்கு ஆண்மை நீக்க அறுவை செய்யலாம்; ஆனால் இத்துணைச் சிறு விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய கைகள் எங்கும் கிடைப்பதில்லை. எனவே ஆண்தான்.

இரண்டாம் கேள்வி, எத்தகைய ஆண் என்பது. ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் சாக்ஸர் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் கினி எலிகளின் கூட்டு வாழ்வை ஆராய்ந்தவர். மூத்த ஆண்களோடு கூட்டத்தில் வளர்ந்த இளம் ஆண், யாருக்கு எப்போது விலகி வழிவிடுவது என்பதைக் கற்றுக்கொள்கிறது. தனியே வளர்ந்தது அதனைக் கல்லாமல் பிற ஆணைக் கண்டதும் சண்டைக்கு நிற்கிறது என்று அவ்வாய்வுகள் காட்டின. இன்னொரு முடிவும் உண்டு: புதிய இடத்தில் அச்சத்தால் உடலில் ஏறும் கார்டிசால் சுரப்பு, நெருங்கிப் பழகிய இணை உடனிருக்கும்போது குறைகிறது; முன்பின் அறியாத ஒன்று உடனிருந்தால் குறைவதில்லை. ஆக, எதையேனும் ஒன்றைக் கொண்டுவந்து அடைப்பது துணையாகாது. பழக்கம் ஏற்பட வேண்டும். அதற்குக் காலம் வேண்டும்.

கடைகளில் இவ்விரண்டு கேள்விக்கும் விடை கிடைப்பது அரிது. 2018ஆம் ஆண்டின் செல்ல விலங்குக் கடை விதிகள், கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன. விதி ஏட்டில் இருக்க, நாங்கள் பார்த்த ஒரு கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடந்தன. எது எதுவென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. “ஜோடியா எடுத்துக்குங்க சார், கணக்கு சரியா வரும்” என்றார். கணக்கு எப்படி வரும் என்பதை அம்பத்தூரில் கண்டோம். அங்கு ஒரு குடும்பத்தார் வேறெங்கோ ‘இரண்டும் ஆண்’ என்று வாங்கி வந்ததில் ஒன்று பெண்ணாகப் போய்விட்டது. நாங்கள் சென்றபோது அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஏழு இருந்தன. ஆண்குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையோடு விட்டிருந்தனர், அதுவே முறை. அந்தத் தாயார் தட்டில் வெள்ளரித் துண்டுகளை வைத்ததும் நான்கு ஆண்குட்டிகள் ஓடிவந்தன. அவற்றுள் கறுப்புக் குட்டி ஒன்று தந்தை வந்ததும் தட்டிலிருந்து பின்வாங்கி, அது தின்று முடிக்கும் வரை பொறுத்திருந்தது. பேத்தி அதைத்தான் சுட்டிக்காட்டினாள். ஏழு வார வயது. கிஸ்மிஸ் என்று பெயரும் அங்கேயே வைத்தாயிற்று.

கொண்டுவந்ததும் சேர்த்துவிடவில்லை. இரண்டு வாரம் வேறு அறை. தோல் பூஞ்சை, பேன், இருமல் எதுவும் இருந்தால் அதற்குள் வெளிப்படும். ஒன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றதைத் தொடுவதில்லை என்று பேத்தி கதவில் எழுதி ஒட்டினாள். வெயில் தாழாத அந்நாள்களில் இரண்டு அறைக்கும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டருகே வைத்தோம். 30 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் இவ்வினத்துக்கு ஆகாது. பூந்தமல்லியின் கோடையோ அதற்கும் பத்துப் பாகை மேலே செல்வது. மலைநாட்டு உயிரைச் சமவெளியில் வைத்திருப்பவர் அன்றாடம் செலுத்த வேண்டிய வரி இது.

பதினைந்தாம் நாள், அஸர் தொழுகைக்குப் பின், கூடத்தின் நடுவே இரண்டுக்கும் பழக்கமில்லாத புதுப்பாய் ஒன்றை விரித்தோம். பிஸ்தாவின் கூண்டில் கிஸ்மிஸை விட்டால் அது அத்துமீறல் ஆகிவிடும். பொது நிலத்தில்தான் சந்திப்பு நிகழ வேண்டும். நீர்க்கிண்ணம் இரண்டு, புற்குவியல் இரண்டு, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி இரண்டு. பெட்டிக்கு இரண்டு வாயில்கள். ஒரே வாயில் இருந்தால் உள்ளே புகுந்தது வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்ளும். பெரியவரும் வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

பிஸ்தா முதலில் உறைந்து நின்றது. பிறகு பின்புறத்தை அசைத்து, தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டே மெல்ல வட்டமிட்டது. இது ஆண் தன் தலைமையை அறிவிக்கும் நடை. கிஸ்மிஸ் கீச்சிட்டு ஓடியது. பிஸ்தா துரத்தியது. பற்களை நறநறவெனக் கடிக்கும் ஒலி கேட்டது, அது எச்சரிக்கை. “பிரிச்சு விடுங்க, அடிச்சிடப் போவுது!” என்று பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரத்தம் வந்தாலன்றிப் பிரிக்கக் கூடாது என்பது மருத்துவர் சொன்னது. இடையிலேயே பிரித்தால் யார் மூத்தவர் என்ற வழக்கு முடியாமல், ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து நடக்கும். தடித்த துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அரைமணி நேரத்தில் கிஸ்மிஸ் தரையோடு படிந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டது. பிஸ்தா அதன் காதை முகர்ந்தது. பாதாமின் காதைக் கடித்து இழுத்தது நினைவுக்கு வர, பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள். கடிக்கவில்லை. முகர்ந்துவிட்டுப் போய் நீர் குடித்தது.

அன்றிரவே நட்பு முகிழ்த்தது என்று எழுதினால் அது புனைவாகிவிடும். மூன்று நாள் இரண்டும் பாயின் இரு கோடிகளில் கிடந்தன. நான்காம் நாள் காலை பார்த்தபோது, இரண்டு புற்குவியல் இருந்தும் இரண்டும் ஒரே குவியலில் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த வார இறுதியில் குளிர்பெட்டிக் கதவு திறந்ததும் பிஸ்தா கூவியது. கிஸ்மிஸுக்கு எதற்கென்று தெரியாது. ஆயினும் அதுவும் சேர்ந்து கூவியது. பாதாம் படுத்த சாக்கு விரிப்பில் இன்றளவும் பிஸ்தா மட்டுமே படுக்கிறது. கிஸ்மிஸ் அதன் ஓரத்தைக்கூட மிதிப்பதில்லை. ஒன்று போன இடத்தை இன்னொன்று நிரப்பிவிட்டது என்று எங்களால் சொல்ல இயலாது. அருகே வேறோர் இடம் உண்டாகியிருக்கிறது. தராசு 1,010 கிராம் காட்டுகிறது.

பெரியவர் இப்போது நாள்தோறும் அஸருக்குப் பின் ஒரு கட்டு அருகம்புல்லோடு வருகிறார். சாலையோரப் புல்லில் புகையும் நாய்ச் சிறுநீரும் படிந்திருக்கும் என்று நாங்கள் சொன்னதால், தம் வீட்டு மாடியில் இரண்டு தொட்டிகளில் தாமே வளர்க்கிறார். புல்லைக் கழுவி உதறி, ஒவ்வொரு தாளாய் நீட்டுவார். மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை இருப்பார். அவர் வராத நாளில் பேத்தி போய் அழைத்து வருவாள்.

பிஸ்தா முதியது, இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளே அதற்கு இருக்கலாம். அப்போது கிஸ்மிஸ் எஞ்சி நிற்கும். அம்பத்தூர் குடும்பத்தாரோடு இதைப் பேசி முடித்துவிட்டோம். இரு வீட்டுள் எந்த வீட்டில் ஒன்று தனித்து நின்றாலும், அது மற்றைய வீட்டுக் கூட்டத்தில் போய்ச் சேரும். வெயில் தாழ்ந்த பின், கூடையில், தன் பழைய விரிப்போடு. புதிதாக இனி எதையும் வாங்குவதில்லை என்று இரு வீட்டாரும் இசைந்துள்ளோம். பேத்தி மட்டும் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்க்க விட வேண்டும். அவர்களும் சரியென்று சொல்லிவிட்டார்கள்.